பதினோரு வீட்டுக் கூழ்

தக்காளியை நான்காக வெட்டி விதையை வழித்து எறிகிற பழக்கத்தை ஹேமாவதியால் விடவே முடியவில்லை.

"விதையெல்லாம் எடுக்க வேணாம்மா. அது குடல்ல மாட்டிக்காது. நார்ச்சத்து சேருதா, தண்ணி குடிக்கிறாரா, அதைப் பாருங்க போதும்" என்று டாக்டர் ஜெனி இரண்டு தடவை சொல்லிவிட்டார். புத்தி கேட்டுக்கொண்டது, கை கேட்கவில்லை. பயந்துபோன கை.

பயத்துக்குக் காரணம் இருந்தது. போன தீபாவளி முடிந்த நாலாம் நாள், அவள் புருஷன் சிட்டிபாபு அடிவயிற்றின் இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கடையிலேயே சுருண்டு விழுந்தார். ராஜகீழ்ப்பாக்கத்தில் சிமெண்ட், கம்பி விற்கிற கடை. அவர் அப்பா காலத்தில் நெல் விளைந்த மண். இப்போது வரிசையாக ஐந்து கடை. நாலு வாடகைக்கு, ஐந்தாவதில் இவர். பங்குனியில் மறுபடி அதே வலி. இரண்டு தடவையும் ஆஸ்பத்திரியில் ஐந்தைந்து நாள். கையில் ஊசி, வாய்க்கு வெறும் தண்ணீர்.

டாக்டர் ஜெனி ஒரு தாளில் குடலை வரைந்து காட்டினார்.

"பழைய சைக்கிள் டியூப் பாத்திருப்பீங்க. காத்து ஏத்தினா நைஞ்ச இடத்துல மொட்டு மொட்டா புடைக்கும்ல? உங்க பெருங்குடல் அப்படி இருக்கு. அந்த மொட்டு புண்ணாகி வீங்கினா இந்த வலி, ஜுரம் எல்லாம்."

"இதுக்கு இன்னா பேரு மேடம்?"

"டைவர்டிகுலர் டிசீஸ்."

"ரோட்ல பலகை வெப்பானே, டைவர்ஷன்னு. அந்த மாரியா?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. ஹேமாவதிக்கு வரவில்லை.

"அம்மா, சமைக்கிறது நீங்கதானே? ரெண்டே சட்டம்" என்று டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "வலி இல்லாத நாள்ல கீரை, கேழ்வரகு, காய், பழம். கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும், ஒரே நாள்ல மூட்டையா இறக்கக் கூடாது. வலி வந்துச்சோ, எல்லாமே தலைகீழ். கீரையும் கிடையாது, கேழ்வரகும் கிடையாது. தண்ணி, வடிகட்டின சூப்பு, அவ்வளவுதான். உடனே இங்க வந்துடணும். கடையில வலி மாத்திரை வாங்கிப் போடவே கூடாது. இன்னொரு தடவை வந்து முத்திப்போச்சுன்னா குடல் ஓட்டையாயிடும். வெட்டி எடுத்துட்டு வயித்துக்கு வெளிய பை வைக்கிற மாதிரி ஆகும். உயிரே கூடப் போகலாம்."

அன்று முதல் ஹேமாவதியின் அடுப்பு அந்த இரண்டு சட்டத்தில் எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை போட்டி வறுவல் நின்றது. "ஆட்டுக் கொடல துன்ன பாவம், என் கொடல புடிச்சிகிச்சு" என்று சிட்டிபாபு சொல்லிச் சொல்லியே அதை மறந்தார். வாழைத்தண்டு வந்தது, அவரைக்காய் வந்தது, கேழ்வரகு அடை வந்தது. மணிக்கு ஒரு சொம்பு தண்ணீர் கடைக்குப் போனது. சித்திரை, வைகாசி, ஆனி என்று மூன்று மாதம் வலி என்ற சொல் வீட்டில் கேட்கவில்லை.

அப்புறம் ஆடி வந்தது.

வேளச்சேரி ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரிவது அடுக்குமாடியும் பேக்கரியும் துணிக்கடையும்தான். அவற்றுக்குப் பின்னால் பழைய ஊர் ஒன்று இருக்கிறது. ஒரு அம்மன் கோயில், பதினோரு வீடு. ஆடியில் காப்புக் கட்டினால் பத்தாம் நாள் கூழ். காப்புக் கட்டிக்கொள்கிற உரிமை சிட்டிபாபுவின் வகையறாவுக்கு. மஞ்சள் கயிறு கையில் இருக்கிற பத்து நாளும் ஒரு வேளைச் சாப்பாடு, வெறுந்தரையில் படுக்கை. ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பத்தாம் நாள் பதினோரு வீட்டு வாசலிலும் நின்று, ஊற்றுகிற கூழை மூன்று மடக்கு குடிக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லக் கூடாது. நடுவில் காப்பு அறுந்தால் அந்த வகையறாவுக்கு உரிமை போயிற்று. அடுத்தவர் கைக்கு மாறிவிடும். அடுத்தவர், சிட்டிபாபுவின் சித்தப்பா மகன் வெற்றிவேல்.

"இந்த வருசம் வெற்றிவேலு கட்டிக்கட்டுமே" என்று ஹேமாவதி ஆரம்பித்துப் பார்த்தாள்.

"எங்கப்பன் நெஞ்சு வலியோட காப்பு கட்டிகினு நின்னவரு. நான் வவுத்துக்குப் பயந்துகினு வூட்ல குந்திகினா ஊரு சிரிக்காது?"

"சிரிச்சா சிரிக்கட்டும். வெட்டிப் பை வெப்பாங்கன்னு டாக்டரம்மா சொன்னது காதுல விழல?"

"வலி வந்தாத்தான பை? அதான் மூணு மாசமா ஒண்ணும் கெடையாதே. நீ இன்னாடி, நல்ல நாளும் அதுவுமா பேஜாரு பண்ற."

வெள்ளிக்கிழமை காலையில் பூசாரி கதிரேசன் காப்புக் கட்டினார். ஹேமாவதி தன்னால் முடிந்ததைச் செய்தாள். ஒரு வேளைச் சாப்பாடுதான் என்பதால் அதிலேயே தண்டும் கீரையும் சேர்த்தாள். தண்ணீருக்குத் தடையில்லை என்று பூசாரியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஆறு நாள் ஒரு குறையும் இல்லை.

ஏழாம் நாள் வியாழக்கிழமை, சிட்டிபாபு பாதித் தட்டில் எழுந்துவிட்டார்.

"ஏங்க, இன்னா ஆச்சு?"

"ரெண்டு நாளா சரியா வெளிய போவல. மந்தமா கீது."

"வலிக்குதா?"

"அய்ய, வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. மந்தம்னா மந்தம்."

மந்தத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். முதல் சட்டம். வெள்ளிக்கிழமை வாழைத்தண்டை இரண்டு மடங்காக்கினாள். முருங்கைக்கீரையை வதக்கி வைத்தாள். "முழுசா துன்னுங்க, அப்பத்தான் போவும்" என்று பக்கத்திலேயே உட்கார்ந்து ஊட்டாத குறையாகத் தின்ன வைத்தாள். அவர் ஒவ்வொரு கவளத்தையும் விழுங்கும்போது கண்ணை மூடிக்கொண்டதை, பக்தி என்று நினைத்தாள்.

சனிக்கிழமை காலையில் வேப்பிலைத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டும்போது முதுகில் கை வைத்தவள் திடுக்கிட்டாள். உடம்பு அடுப்புக் கல்லாகச் சுட்டது.

எதிர்வீட்டுப் பொன்னியம்மாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபத்தைந்து வயது, பதினோரு வீட்டிலும் அவள் வைத்ததுதான் சட்டம்.

"அக்கா, உடம்பு இப்படிக் கொதிக்குதே."

"கொதிக்காம? ஒம்போதாம் நாளு. ஆத்தா வந்து குந்திகினுகீறா உடம்புல. இவன் அப்பனுக்கும் இப்படித்தான் சுடும், நானே தொட்டுப் பாத்துக்கீறேன்" என்று பொன்னியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஹேமாவதியும் போட்டுக்கொண்டாள். சிட்டிபாபு பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீருக்குத் தலையைக் குனிந்தார்.

அன்று மத்தியானம் அவள் பதினோரு வீட்டுக்கும் நடந்தாள். ஒரே நாளில் மூட்டையாக இறக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது அவளுக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது. பதினோரு வீடு, வீட்டுக்கு மூன்று மடக்கு. நொய் கரையாத கூழ், கருவாடு, மொச்சை, பச்சை வெங்காயம். ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் போய் நின்று கெஞ்சினாள்: கூழை நீர்க்கக் கரையுங்கள், வடிகட்டுங்கள், கீரை வேண்டாம், மொச்சை வேண்டாம்.

பொன்னியம்மாள் வீட்டில் சொல்லடி விழுந்தது.

"இன்னாடி ஹேமா, சாமிக்கே பத்தியமா?"

"சாமிக்கு இல்லக்கா, அவருக்கு."

"காப்பு கட்டினா அவன் ஏதுடி, சாமி ஏது? பத்து நாளைக்கி அவன் உன் புருஷன் இல்ல. போ, போயி உன் வேலையப் பாரு. வடிகட்டித் தரேன், அழுவாத."

பதினோரு வீடும் ஒப்புக்கொண்டது. அன்று ராத்திரி ஹேமாவதி நிம்மதியாகத் தூங்கினாள். ஊர்க் கூழையெல்லாம் வடிகட்டியாகிவிட்டது. ஆனால் நெருப்பு, மூன்று நாளாக அவள் வீட்டுத் தரையிலேயே படுத்துக்கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வெயில். பம்பையும் உடுக்கையும் முன்னால் போக, மஞ்சள் வேட்டியும் தலையில் கரகமுமாக சிட்டிபாபு நடந்தார். முதல் வீடு, இரண்டாவது வீடு. மூன்று மூன்று மடக்கு. சொன்ன சொல் தவறாமல் எல்லாரும் தண்ணீராகத்தான் ஊற்றினார்கள். நாலாவது வீட்டில் அவர் காலை அகட்டி, கொஞ்சம் இடது பக்கம் வளைந்து நின்றார். ஆறாவது வீட்டில் உதடு வெளுத்திருந்தது. ஹேமாவதி கூட்டத்தில் முண்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

ஏழாவது வீடு வெற்றிவேலுடையது. வெற்றிவேல் மனைவி சொம்பைச் சாய்த்தாள். ஒரு மடக்கு இறங்கியது. இரண்டாவது மடக்கு இறங்கவில்லை. கரகம் சரிந்தது, பூசாரி பாய்ந்து பிடித்துக்கொண்டார். சிட்டிபாபு இரண்டு கையாலும் வயிற்றை அணைத்தபடி வாசல் கோலத்தின் மேல் விழுந்து, கால்களை உதறினார். வாயிலிருந்து ஒரு ஊளை வந்தது.

"ஆத்தா வந்துட்டா! ஆத்தா எறங்கிட்டா!"

பம்பை இரட்டிப்பு வேகத்தில் முழங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ எலுமிச்சம்பழத்தை நறுக்கி அவர் தலையைச் சுற்றினார்கள். ஒரு பெண்பிள்ளை குறி கேட்கக் கை கூப்பி மண்டி போட்டாள்.

ஹேமாவதி அவர் முகத்தைப் பார்த்தாள். தீபாவளிக்கு அடுத்த நாலாம் நாள் பார்த்த அதே முகம். குனிந்து வயிற்றில் கை வைத்தாள். பலகையாக இறுகியிருந்தது. தொட்டதற்கே அவர் துடித்தார்.

"சாமி இல்ல! அடிக்கிறத நிறுத்துங்கடா! அவருக்கு வவுறு போச்சு!"

பம்பைக்காரர்களுக்கு அவள் குரல் எட்டவில்லை. பம்பையின் தோலிலேயே ஒரு அறை விட்டாள். சத்தம் அறுந்தது.

"வெற்றிவேலு, கார எடு."

பூசாரி கதிரேசன் குறுக்கே வந்தார். "காப்பு கையில கீதும்மா. எல்ல தாண்டக் கூடாது. டாக்டர வேணா இங்க வர வெச்சிக்கலாம்."

"டாக்டரு வந்து இந்தத் தெருவுல வெச்சு வவுத்த அறுப்பாரா? நகரு."

வெற்றிவேலும் இன்னும் இரண்டு பேருமாகத் தூக்கிப் பின் சீட்டில் கிடத்தினார்கள். தலை ஹேமாவதி மடியில். கார் சந்துகளை வளைந்து பெரிய ரோட்டுக்கு வந்தது. பழைய எல்லைக்கல் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அதற்குப் பத்தடி முன்னால் வெற்றிவேல் பிரேக் போட்டான். பின்னால் வந்த பஸ் ஹாரனை அமுக்கிப் பிடித்தது.

"இன்னாடா?"

"அண்ணி, நான் எப்படித் தாண்டுவேன்?" அவன் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தான். "உரிமைக்கு ஆசப்பட்டு நானே அண்ணன எல்ல தாண்ட வெச்சேன்னு பேசுவாங்க. எம் புள்ளைங்கள வெச்சிகினு அந்த ஊர்லதான் நான் இருக்கணும்."

அவன் சொன்னது பொய்யில்லை. அவளுக்கும் அந்த ஊரைத் தெரியும்.

ஹேமாவதி சிட்டிபாபுவின் வலது கையைத் தூக்கினாள். மஞ்சள் கயிறு, அதில் கோத்த மஞ்சள் கிழங்கு, வாடிய வேப்பிலை. முடிச்சு பத்து நாள் தண்ணீரில் இறுகிக் கல்லாகியிருந்தது. நகம் ஏறவில்லை. அவர் மற்றக் கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த வலியிலும் பிடி இருந்தது.

"வேணாம் ஹேமா... வேணாம்டி... செத்தாலும் காப்போட சாவறேன்."

அவள் குனிந்து கயிற்றைப் பல்லில் வைத்துக் கடித்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது கடியில் அறுந்தது. நாக்கில் மஞ்சளும் உப்பும் கசந்தன.

"அறுத்தது நானு. ஊர்ல அப்படியே சொல்லு. இப்ப எடு வண்டிய."

கார் எல்லையைத் தாண்டியது.

அவசரப் பிரிவில் டாக்டர் ஜெனி முதல் கேள்வி கேட்டார்: "எத்தனை நாளா வலி?"

"காலைலதான் மேடம்" என்றார் சிட்டிபாபு.

வேட்டியை மாற்றும்போது மடியிலிருந்து ஏதோ கீழே விழுந்தது. நர்ஸ் எடுத்துக் காட்டினாள். வலி மாத்திரை அட்டை இரண்டு. இருபதில் மூன்றுதான் மிச்சம். டாக்டர் அதைப் பார்த்தார், ஹேமாவதியைப் பார்த்தார், அப்புறம் நேரமில்லாமல் ஓடினார்.

மூன்று மணி நேரம் ஆபரேஷன். வெளியே வந்த டாக்டரிடம் ஹேமாவதி கேட்டது ஒன்றுதான்.

"கூழுதான் காரணமா மேடம்?"

"கூழ் மேல பழி போடாதீங்கம்மா. வியாழக்கிழமையே வலி ஆரம்பிச்சிருக்கு, மயக்க மருந்துக்கு முன்னாடி அவரே ஒத்துக்கிட்டாரு. அன்னிக்கே வந்திருந்தா போன தடவை மாதிரி ஊசியிலேயே சரியாகியிருக்கலாம். வலியை மாத்திரை போட்டு அமுக்கி, அந்தக் குடல் மேலயே நார் நாரா சாப்பாடும் ஏத்தி..." டாக்டர் நிறுத்திக்கொண்டார். "ஜுரம் இருந்திருக்குமே. நீங்க தொட்டுப் பாக்கலையா?"

தொட்டுப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இதை எந்த வாயால் சொல்வது?

"ஓட்டை விழுந்த பகுதியை எடுத்தாச்சு. உள்ள பூரா சீழ். இன்னும் நாலு நாள் போனாத்தான் உயிருக்கு நான் பதில் சொல்ல முடியும். பை வெச்சிருக்கோம். பொழைச்சு எழுந்தா ஆறு மாசம் கழிச்சு அதை எடுக்க முடியுமான்னு பாக்கலாம்."

நாலு நாள் போயிற்று. உயிர் இருந்தது.

ஐந்தாம் நாள் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். சிட்டிபாபு பாதியாகியிருந்தார். வெறுமையான மணிக்கட்டைப் பார்த்தார். கயிறு இருந்த இடம் வெளுத்த கோடாகத் தெரிந்தது. போர்வையைத் தூக்கி, வயிற்றில் ஒட்டியிருந்த பையைப் பார்த்தார். அதில் இருப்பது என்னவென்று புரிந்ததும் போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டார்.

ஹேமாவதி மறுபடி ஒண்ணாம் வகுப்பிலிருந்து ஆரம்பித்தாள். வடித்த கஞ்சித் தெளிவு இரண்டு கரண்டி. வயிறு தாங்கினால் நாளைக்குக் குழைந்த சாதம், அதற்கடுத்து இட்லி. கீரைக்கும் கேழ்வரகுக்கும் பல வாரம் இருக்கிறது. பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்ய வேண்டும் என்று நர்ஸ் கற்றுக்கொடுத்தாள். கற்றுக்கொண்டாள்.

கரண்டியை நீட்டினாள். அவர் வாயைத் திறக்கவில்லை. பேசுவதற்கு மட்டும் திறந்தார்.

"ஊர்ல யாருன்னா வந்தா அல்சர்னு சொல்லு. பை விசயம் வெளிய தெரியக் கூடாது. போர்வைய எடுக்காத. வலின்னும் சொல்லாத, நல்லா கீறாருன்னு சொல்லு. ஆறு மாசத்துல எடுத்துட்டா அடுத்த ஆடிக்கு நானே..."

ஹேமாவதி கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். வயிற்றைக் கிழித்துக் கழுவித் தைத்தாயிற்று. இந்த மனுஷன் மறுபடி மாத்திரை அட்டையை மடியில் செருகிக்கொள்ளத் தயாராகிவிட்டார்.

சாயங்காலம் வெற்றிவேல் வந்தான். திருநீற்றுப் பொட்டலத்தோடு வார்டு வாசலில், திரைக்கு வெளியே நின்றான்.

"எப்படிகீறாரு அண்ணி? அல்சராமே? நர்சம்மாகிட்ட அண்ணன் சொன்னாராம்."

திரைக்குப் பின்னால் கட்டில் அசைகிற சத்தம் நின்றது. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஹேமாவதி குரலைத் தாழ்த்தவில்லை.

"அல்சர் இல்ல வெற்றிவேலு. பெருங்குடல்ல புண்ணு. ரெண்டு தடவ ஏற்கெனவே வந்துட்டுது, ஊருக்குச் சொல்லல. வியாழக்கிழமையிலருந்து வலி. எனக்குக் கூடச் சொல்லாம பதினேழு மாத்திரைய முழுங்கிகினு நின்னாரு. சுட்டது ஜுரம், ஆத்தா இல்ல. அதைத் தொட்டுப் பாத்தும் நம்பாமப் போனவ நானு. கொடல் ஓட்டையாயி, அறுத்து எடுத்து, வவுத்துல பை கட்டிக்கீது. வெளிக்கு அதுலதான் போறாரு. பொன்னியக்காகிட்ட சொல்லு, பூசாரிகிட்ட சொல்லு, பதினோரு வூட்லயும் சொல்லு."

வெற்றிவேல் பொட்டலத்தைக் கையில் உருட்டினான்.

"மீதி நாலு வூட்டுக் கூழ நான்தான் குடிச்சேன் அண்ணி. உங்கள இங்க எறக்கிட்டு நான் திரும்பினதும் அங்கயே என் கையில காப்பு கட்டிட்டாங்க. நான் கேக்கல."

"தெரியும்."

"வவுத்துல பையோட... இனிமே சாமிக்கு நிக்க முடியாதுன்னு ஊர்ல..."

"முடியாதுதான். இனிமே அவரு நிக்க வேணாம். உயிரோட கெடந்தா போதும்."

அவன் பொட்டலத்தை அவள் கையில் கொடுக்காமல், கீழே பெஞ்சில் வைத்துவிட்டுப் போனான். காப்பை அறுத்த கை. அவளுக்குப் புரிந்தது.

திரையை விலக்கினாள். சிட்டிபாபு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"திருப்தியா?" என்றார். "எங்கப்பன் கட்டின காப்பு. கடிச்சுத் துப்பிட்ட. இப்ப மானத்தையும் வாங்கிட்ட."

அவள் போர்வையை விலக்கிப் பையைப் பார்த்தாள். காலி செய்தாள். துடைத்தாள். கை கழுவினாள்.

அதற்கப்புறம் இரண்டு நாள் அவர் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நர்ஸ் ஊட்டினால் நாலு கரண்டி கஞ்சி. இவள் கரண்டியைத் தூக்கினால் உதடு ஒட்டிக்கொள்ளும். ஹேமாவதி கஞ்சியை வடித்து, ஆற்றி, நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு வராந்தாவில் உட்கார ஆரம்பித்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம். வராந்தா பெஞ்சில் அவள் காலியான கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே நர்ஸ் யாருக்கோ மருந்து ஏற்றிக்கொண்டிருந்தாள். அப்போது சிட்டிபாபுவின் குரல் கேட்டது. பிசிறடித்த, பழக்கமில்லாத குரல்.

"சிஸ்டர்... இங்க வாம்மா. தையல் போட்ட எடத்துல வலிக்குது. காலைலருந்து வலிக்குது."

"காலைல இருந்தேவா? அப்பவே சொல்லக் கூடாதா? இருங்க, டாக்டரைக் கூப்பிடறேன்."

செருப்புச் சத்தம் வேகமாக நகர்ந்தது. ஹேமாவதி எழுந்து உள்ளே போகவில்லை. போனால் அவர் வாயை மூடிக்கொள்வார். இருந்த இடத்திலேயே இருந்து, டாக்டர் ஜெனி வராந்தாவில் தன்னைத் தாண்டி வார்டுக்குள் நுழைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.